ஆதாமின் ஆட்டுக்குட்டி

முடிச்சூர் சாலை,
மேற்குத் தாம்பரம்.
ஏப்ரல் 16

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

யூனிஸ் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் மெர்வினும் நன்றாக இருக்கிறோம். பெர்த்தில் நீயும் உன் பிள்ளை அச்சுதனும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். உன் பங்குக்கு நீ உன் பெருமாளிடம் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் என்ன காகிதத்தில் எழுதுகிறாள் என்று பார்க்காதே. நான் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். வீடியோவில் கூப்பிட்டால் பாதி நேரம் உன் வீட்டுக் கூரைதான் தெரிகிறது. போன தடவை உன் முகம் கொஞ்ச நேரம் வந்தது, அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது. ஃபோனை நேராகப் பிடி என்று நான் கத்தினேன், நீ கட் செய்துவிட்டாய். கடிதத்தை அப்படிக் கட் செய்ய முடியாது.

முதலில் ஊர்ச் செய்தி. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. வெளியூர் பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துப் புது நிலையத்துக்குப் போனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் குறையும் என்றார்கள், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சிட்லபாக்கத்தில் உன் வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக்கு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். வாசலில் நின்ற நெல்லி மரத்தை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருக்கிறார்கள். கார் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போகிறார்கள். அதுவும் அசையவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கு இப்போது பெரும்பாக்கத்திலிருந்து நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். வாய் ஓயாத பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் ஆஷா என்று ஒருத்தி இருக்கிறாள். நுண்ணுயிர்கள் பாடம் நடத்தும்போது எழுந்து நின்று, “மிஸ், பாக்டீரியாவையும் சாமிதான் செஞ்சாரா? அப்ப எந்தம்பிக்கு வாந்தி பேதி வந்து பேஜாராச்சே, அது யாரு கணக்கு?” என்று கேட்டாள். தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதான் என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் போய் அப்படியே சொன்னேன். “பரவால்ல மிஸ்” என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் புத்தகத்துக்கு மறுபதிப்பு வரப்போகிறது. அரசுப் பாடநூலோடு சேர்த்து நடத்துவதற்காக நான் எழுதி, நீ படம் போட்டோமே, அந்த உயிரியல் துணைப்பாடம்தான். அடுத்த வருஷம் மே மாதம் எனக்கு ஓய்வு. அதற்குள் அதைத் திருத்தி, நல்ல தாளில் அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரே ஆசை. தாளாளர் தயாளன் சாரும் சரி என்றுவிட்டார்.

சிக்கல் படங்களில்தான். உன் மூலப் படங்கள் எல்லாம் அந்தப் பெரிய வெள்ளத்தில் என் வீட்டு இரும்புப் பெட்டிக்குள்ளேயே ஊறிக் கூழாகிவிட்டன. பழைய புத்தகத்திலிருந்து பிரதி எடுத்தால் மை அப்பிக்கொண்டு, தவளை எது அதன் கல்லீரல் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்.

போன வாரம் இதற்காகக் கமிட்டி கூடியது. நீ போன பிறகு ஓவியத்துக்கு வந்த பிளஸ்ஸி, கம்ப்யூட்டரில் செய்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். கெட்டிக்காரப் பெண், குறை சொல்ல முடியாது. முதல் பக்கத்தில் ஆதாம். ஜிம்முக்குப் போய்விட்டு நேராக ஏதேனுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். தயாளன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஆட்டுக்குட்டி எங்கம்மா?”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிளஸ்ஸி திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு அந்தக் கதை எப்படித் தெரியும்?

முதல் பதிப்பு வேலை நடந்தபோது இதே மேசையில்தான் நீ அந்தப் படத்தை விரித்தாய். ஆண்டவர் மண்ணைப் பிசைந்து உருவாக்கி, மூக்கில் ஊதி உயிர் கொடுத்த முதல் மனிதன் எழுந்து நிற்கிற படம். நாங்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தயாளன் சார் அப்போது செயலாளர், முடியெல்லாம் கறுப்பு. அவர் மட்டும் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், ஆதாமுக்குத் தொப்புள் இருக்கே” என்றார். எல்லாருக்கும் இருக்குமே சார் என்றாய் நீ. “தாய் வயித்துலருந்து வந்தவங்களுக்குத்தானே தொப்புள்? இவருக்குத் தாய் ஏது? தொப்புள்கொடின்னு இதே புத்தகத்துல பாடம் வெச்சிருக்கீங்க. பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?” என்றார். அறிவியல்படி பார்த்தாலும் வேதத்தின்படி பார்த்தாலும் மனிதர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தத் தொப்புளுக்கே பாதி நாள் போனது. அழித்துவிடலாம் என்றார் ஒருவர். இடுப்பில் இருக்கிற இலையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றலாம் என்றார் இன்னொருவர். ஆண்டவர் நினைத்தால் தொப்புளோடும் படைத்திருக்கலாம் என்றார் ஆயர் ஐயா. நீ தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாய். கடைசியில், “தொப்புள் இல்லாத மனுஷாளை எனக்கு வரைய வராது சார். பொம்மையாட்டம் ஆயிடும். வேணும்னா மறைச்சுக் கொடுக்கறேன்” என்று சொல்லி, அங்கேயே பென்சிலை எடுத்து ஆதாமின் இரண்டு கைகளிலும் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டாய். சரியாக வயிற்றுக்கு நேரே. குட்டி வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. உடனே டீ வந்தது, கூட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை, ஆதாம் ஏன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று கேட்காமல் இருந்ததில்லை. விலங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர் அவர்தானே என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். அன்றைக்குத் தொப்புளுக்குச் சண்டை போட்ட அதே தயாளன் சார் இன்றைக்கு ஆட்டுக்குட்டி இல்லாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது என்கிறார். “சுப்ரஜா டீச்சர் போட்டாத்தான் அது நம்ம புஸ்தகம்” என்று சொல்லிவிட்டார். பிளஸ்ஸிக்கும் அதில் வருத்தமில்லை.

ஆகவே நீ படங்களைப் போட்டுத் தர வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது கைக்கு வந்தால் போதும். பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். பிளஸ்ஸியின் படங்களிலும் ஒன்றிரண்டு வைத்திருக்கிறேன், பார்த்து வை.

ஒரு பாடம் முடிந்ததும் அந்த உறுப்புக்காகப் பிள்ளைகளை நன்றி சொல்ல வைப்பேனே, அது இன்னும் நடக்கிறது. இதயத்துக்காக ஸ்தோத்திரம், நுரையீரலுக்காக ஸ்தோத்திரம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்துகிறார்கள். சிறுநீரகம் வந்தால் பின் பெஞ்சில் இன்னும் அதே சிரிப்பு. ஓவிய வகுப்புக்கு முன்கூட்டியே வந்து வாசலில் நின்று நீ கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து, “குடல்வாலை விட்டுட்டேளே, பாவம், அதுக்கு யாருமே சொல்றதில்லை” என்றாய். அன்றிலிருந்து குடல்வாலுக்கும் உண்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் வாசலைப் பார்க்கிறேன்.

பெர்த்தில் இப்போது குளிர் ஆரம்பிக்குமாமே. சாக்ஸ் போட்டுக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

அன்புடன்,
யூனிஸ்


மே 20

சுப்ரஜாவுக்கு,

நான் பக்கம் பக்கமாக எழுதிய கடிதத்துக்கு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கண் முன்போல் இல்லையாம், பிளஸ்ஸியே போடட்டுமாம், நன்றாகத்தான் போடுகிறாளாம். நலம் விசாரித்ததற்கு நன்றி. நாங்கள் நலம்.

கண் தெரியவில்லை என்கிறாய். அதே செய்தியில் கடைசியாக என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கிறதா? “அந்தப் பொண்ணு போட்ட பட்டாம்பூச்சிக்குக் கொம்பு நுனியில குமிழே இல்லையே, அது விட்டில்பூச்சியோட கொம்புன்னா, மாத்தச் சொல்லு” என்றாய். பிளஸ்ஸியும் நானும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் அதைப் பார்த்தோம். நீ சொன்னது சரிதான். கண் தெரியாதவளுக்குப் பட்டாம்பூச்சியின் கொம்பு நுனி மட்டும் எப்படித் தெரிந்தது? பொய் சொல்வதற்கும் ஒரு முன்யோசனை வேண்டும். உனக்கு அது எப்போதுமே கிடையாது.

எனக்குக் கோபம் வந்தால் பழைய ஞாபகங்களாக வருகிறது. மெர்வின் இதற்குப் பயந்துகொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். ஆகவே நீதான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் வேலை செய்வோம். உன் வீட்டு ஹாலில் நான் பாடத்தை உரக்கப் படிப்பேன், நீ தரையில் பலகையைப் போட்டுக்கொண்டு வரைவாய். ஸ்ரீநிவாசராகவன் சார் காபி கலந்து கொண்டுவந்து வைப்பார். மனைவி வேலை செய்கிறாள் என்று கணவர் காபி போடுவதை நான் முதல்முதலாகப் பார்த்தது அங்கேதான். மெர்வினிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த மனிதர் போன பிறகுதானே நீ வீட்டை விற்றுவிட்டு அச்சுதனோடு போனாய். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டாய்.

இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எதையும் வரைய மாட்டேன் என்று உனக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்த்தால்தான் கோடு வரும் என்பாய். அதற்காக நான் கரப்பான்பூச்சி பிடித்தேன், ஓணானுக்குப் பின்னால் ஓடினேன். இதயம் வரைய வேண்டும் என்றபோது கேம்ப் ரோடு கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்தேன். உன் வீட்டுப் படி ஏற்ற முடியாது, அதனால் என் சமையலறைக்கு நீ வந்தாய். கற்பூரம் தடவிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, முட்டை வாசனையே ஆகாத நீ, அந்த இதயத்தைத் தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தாய். வால்வுகளைப் பார்ப்பதற்காகக் கத்தரிக்கோலால் நீயேதான் வெட்டினாய், எனக்குத்தான் கை வரவில்லை. வேலை முடிந்ததும், “எவ்வளவு நேர்த்தியா கதவு வெச்சிருக்கான் பாரேன் யூனி” என்றாய். உன் பெருமாளைச் சொன்னாயா, என் ஆண்டவரைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்ததாக ஸ்ரீநிவாசராகவன் சார் சொன்னார்.

அமீபாவுக்குப் பட்ட பாடு அதையெல்லாம் மிஞ்சியது. சேலையூர் ஏரியில் இலை அழுகிக் கிடந்த ஓரத்தில் சேற்றுத் தண்ணீரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வந்து, பள்ளியில் இருந்த ஒரே மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம். நீ கண்டுபிடித்தாய். கண்டுபிடித்தவள் இடத்தை விட்டு நகரவே இல்லை. “இதுக்கு முன்பக்கம் பின்பக்கமே இல்லையே, நெனச்ச பக்கமெல்லாம் கால் நீட்டறதே, எதைன்னு வரைவேன்?” என்று புலம்பினாய். வரைந்து வரைந்து அழித்தாய். புத்தகம் அச்சாகி வந்த அன்று எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்க, நீ மட்டும் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, “இது செத்துப் போயிடுத்து யூனி. கோடு ரொம்பத் திடமா விழுந்துடுத்து” என்றாய். ஒவ்வொரு தடவை மறு அச்சு வந்தபோதும் அதையே சொன்னாய். இப்போது அதைச் சரிசெய்ய ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. நீ, பிளஸ்ஸி போடட்டும் என்கிறாய்.

எனக்கு ஓய்வுக்குப் பிறகு இந்தப் பள்ளியில் என்ன இருக்கும்? நாற்காலி கூட வேறு யாருக்காவது போய்விடும். இந்தப் புத்தகம் ஒன்றுதான். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் இருக்க வேண்டும், உன் கோடும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதிகமாக ஆசைப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல ஊர். தாம்பரத்துத் தூசி மறந்துதான் போகும்.

இந்தக் கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்டினால் நான் பேசவே மாட்டேன்.

கோபத்துடன்,
யூனிஸ்


ஜூன் 21

என் அன்புச் சுப்ரஜா,

அச்சுதன் என்னைக் கூப்பிட்டான். அம்மாவிடம் சொல்லாதீர்கள் ஆண்ட்டி என்று தொடக்கத்திலும் சொன்னான், முடிவிலும் சொன்னான். நான் எப்போது யார் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்? அவனைத் திட்டாதே. என் இரண்டாவது கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுததைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்திருந்தோம். உன் வலது கை நடுங்குகிறது என்று சொன்னான். அங்கே போன மறுவருஷமே ஆரம்பித்துவிட்டது, நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், குறைத்து வைக்கலாம், முழுக்கப் போகாது என்றான். நீ கோலம் போடுவதை நிறுத்திவிட்டாயாம். யாராவது இருந்தால் காபி குடிப்பதில்லையாம், எல்லோரும் போன பிறகு அடுக்களையில் நின்று இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிக்கிறாயாம். நான் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெர்வின் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்தார். அன்றைக்கு வீட்டில் சமைக்கவில்லை. அழுதேன், சுப்ரஜா. ஃபோனை நேராகப் பிடி என்று நான் கத்தினேனே, அதை நினைத்து இன்னும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்காதே. என்னிடம் சொல்ல என்ன? நீ தரையில் உட்கார்ந்து வரையும்போது மை கொட்டிய என் புடவையை இன்னும் வைத்திருக்கிறேன். உன் கை நடுங்கினால் நான் என்ன, உன்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவேனா?

அவன் இன்னொன்றும் சொன்னான். என் முதல் கடிதம் வந்த பிறகு நீ கடையிலிருந்து தாளும் பேனாவும் வாங்கி வரச் சொன்னாயாம். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஒரு நாள் மாலை அவன் குப்பைத் தொட்டியைத் திறந்தால் முழுக்க ஆட்டுக்குட்டிகள், கோணலான இதயங்கள். அன்றைக்குத்தான் நீ கண் தெரியவில்லை என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். அவன் அந்தத் தாள்களில் கொஞ்சத்தை எடுத்து நீவி வைத்திருக்கிறான். அதில் ஒன்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். அது அமீபா.

என் மேல் கோபம் வந்தால் இந்த இடத்தில் வரட்டும். அதை நான் ஏழாம் வகுப்பில் காட்டிவிட்டேன். யார் வரைந்தது என்று சொல்லவில்லை. திரையில் இடது பக்கம் உன் பழைய அமீபா, நடுவில் பிளஸ்ஸியுடையது, வலது பக்கம் இது. இதில் எது உங்கள் புத்தகத்தில் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஆஷா எழுந்தாள். முதல் இரண்டையும் காட்டி, “அது ரெண்டும் சப்பாத்தி மாரி கீது மிஸ்” என்றாள். மூன்றாவதைக் காட்டி, “இதான் மிஸ் உசுரோட கீது. நவுந்துகினே கீது பாருங்க” என்றாள். மற்ற பிள்ளைகளும் ஆமாம் மிஸ், ஆமாம் மிஸ் என்று கத்தினார்கள். பின்னால் நின்றுகொண்டிருந்த பிளஸ்ஸி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுக்கு மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

கோடு திடமாக விழுந்துவிட்டது என்று இத்தனை வருஷம் குறைப்பட்டாயே, சுப்ரஜா. இப்போது விழவில்லை. அந்த ஓரம் முழுக்க அசைகிறது. ஒரு போலிக்கால் இதோ நீளப்போகிறது என்று தோன்றுகிறது. சேலையூர்த் தண்ணீரில் நாம் பார்த்தது இதைத்தான். இதை உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதவில்லை. நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. முதல் தவளைக்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

தயாளன் சாரிடமும் சொல்லிவிட்டேன், மறைத்துப் பயனில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “அச்சகத்துல நான் சொல்லிக்கிறேன், அவசரமில்லை” என்றார். எலும்புக்கூடு, பூவின் பாகங்கள், இதயம் எல்லாம் பிளஸ்ஸி போடட்டும். இதயத்துக்குப் பழைய புத்தகத்தில் இருக்கிற உன் படத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுகிறாள், வால்வு சரியாக வந்திருக்கிறது. பட்டாம்பூச்சிக்கும் கொம்பு நுனியில் குமிழ் வைத்துவிட்டாள். இரண்டு இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறோம். ஒன்று அமீபா. அதற்கு நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னொன்று முதல் பக்கம்.

ஏழாம் வகுப்பில் இந்த வாரம் நரம்பு மண்டலம் நடத்தினேன். மூளை சொல்வதை நரம்பு கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று எத்தனையோ வருஷமாக நடத்துகிற பாடம். இந்தத் தடவை நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு நடத்தினேன். வழியில் எங்கேயோ செய்தி தடுமாறினால் அதற்கு யார் கணக்கு என்று ஆஷா கேட்பாளோ என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். முடிவில் வழக்கம்போல, கைகளுக்காக ஸ்தோத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கண்ணைத் திறக்கச் சொல்லவில்லை. ஆஷா ஒரு கண்ணை மட்டும் திறந்து, “முடிஞ்சுதா மிஸ்?” என்றாள். இல்லை, இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது என்றேன். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார்கள், முதலில் சொன்னதைவிடச் சத்தமாக.

டிசம்பரில் அச்சுதனுக்கு விடுமுறை இருக்கிறதாம். கூட்டி வருகிறேன் என்றான். என் வீட்டு முன்னறையை ஒழித்து வைக்கிறேன். அடுக்களையில் நின்று காபி குடிக்க வேண்டாம், என் எதிரில் உட்கார்ந்து குடி. சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் எத்தனை மை சிந்தியிருக்கிறாய், ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாயா?

முதல் பக்கத்தை மட்டும் நீ போடு. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறோம். ஆனால் இந்தத் தடவை ஆட்டுக்குட்டியை ஆதாமின் கையிலிருந்து இறக்கிவிடு, எத்தனை வருஷம்தான் அவர் சுமப்பார்? தொப்புள் தெரிந்தால் தெரியட்டும், தயாளன் சாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். குட்டி தரையில் நிற்கட்டும். கால்கள் நடுங்கினால் நடுங்கட்டும், சுப்ரஜா. அன்றைக்குத்தான் பிறந்த குட்டிக்கு நடுங்காமல் இருக்குமா?

உன் கைக்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும்,
யூனிஸ்